புயல் கடல்நீரைக் கரையேற்றிய பின் நிலத்தடி நன்னீருக்கு என்ன ஆகிறது? மண்ணுக்குள் புதைத்த மின்முனைகள் காட்டுவது

கேட்கப்பட்ட கேள்வி இது: புயலின்போது கடல் பொங்கிக் கரையேறினால் அடியிலுள்ள நன்னீர் எவ்வளவு கெடுகிறது, எப்போது தேறுகிறது என்பதை இப்போது சில நாடுகளில் மண்ணுக்குள் மின்முனைகளைப் புதைத்து அளக்கிறார்கள். கிணற்றில் ஓர் இ.சி. மானியை, அதாவது நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவியைத் தொங்கவிட்டாலே உப்பு தெரிந்துவிடுமே, பிறகு மின்முனைகள் எதற்கு?

கிணறு தனக்குள் இருக்கும் நீரைப் பற்றி மட்டுமே சொல்லும். அதுவும் பல ஆழங்களின் நீர் கலந்த பிறகு, பெரும்பாலும் காலம் கடந்து சொல்லும். புயல் நீரோ கிணற்றுக்கு வெளியே, மணலின் துளைகள் வழியே, மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இறக்கத்தை ஆழம் ஆழமாக, நாள் நாளாகப் பார்க்க வேண்டுமானால் மின் அளவீட்டுக்கு நிகரான வழி இன்று வேறு அதிகம் இல்லை. ஆனால் மின்முனைகள் அளப்பது உப்பை அல்ல, மண்ணின் மின்தடைமையை, அதாவது மின்னோட்டத்துக்கு மண் காட்டும் எதிர்ப்பை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறந்தால் அருமையான கருவியிலிருந்தும் தவறான முடிவு வந்து சேரும். அதனால் முறையின் பலத்தையும் அது சறுக்கும் இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் புயல் செய்யும் வேலையைப் பார்ப்போம். கடல்நீர் ஊடுருவல் என்றதும், அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல் பக்கவாட்டில் ஆப்பு போல உள்ளே நுழைவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் காரியம். புயலின் பாதிப்பு வேறு வகையானது. அலைப்பெருக்கு மணல்மேட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. திரும்பிப் போக வழியில்லாத பள்ளங்களில் தேங்குகிறது. தேங்கிய நீர் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மணலுக்குள் இறங்கி, நன்னீரின் தலைமேல் உட்காருகிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு அதிகம் என்பதால், கனமானது மேலேயும் இலேசானது கீழேயும் இருக்கும் இந்த நிலை நிலைத்து நிற்காது. உவர்நீர் ஒரே சீரான படலமாக இறங்காமல், பல இடங்களில் விரல் விட்டாற்போல நீண்டு இறங்குகிறது. ஒரு விரல் இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நன்னீர் அப்படியே இருக்கலாம். ஒரே தெருவில் ஒரு கிணறு கெட்டுப்போய், அடுத்த கிணறு தப்பித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1962 பிப்ரவரியில் வட கடலில் எழுந்த பெரும் புயல் வெள்ளம் ஹாம்பர்க் நகரில் 300 பேருக்கும் மேல் உயிர்களைக் குடித்தது. அதே வெள்ளம் ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீசியத் தீவுகளுள் ஒன்றான பால்ட்ரூமின் மணல்மேடுகளுக்கு இடையிலும் புகுந்து தேங்கியது. அன்று அந்தத் தீவின் கிணறுகளில் எடுத்து வைத்த அளவுகளைப் பல பத்தாண்டுகள் கழித்து நீரியலாளர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, உவர்நீர் அடர்த்தியின் உந்துதலாலேயே நன்னீர் வில்லையை (தீவின் அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கும் நன்னீரை)த் துளைத்துக்கொண்டு இறங்கியது தெரியவந்தது. பசிபிக் பெருங்கடலில் குக் தீவுகளைச் சேர்ந்த புகாபுகா பவளத்தீவை 2005ஆம் ஆண்டு பெர்சி புயல் தாக்கியபோதும் இதே கதைதான். அங்கே நன்னீர் வில்லை தேறிவர ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. மேலே நீர் நன்றாகத் தெரிந்த பிறகும், அடியில் உவர்நீர்த் திரள் ஒன்று நெடுநாள் தங்கியிருந்தது. மேற்பரப்புக்கு அருகில் மட்டும் அளந்திருந்தால் அந்தத் திரள் கண்ணில் பட்டிருக்காது.

இங்கேதான் கிணற்று அளவீட்டின் குறை வெளிப்படுகிறது. துளையிட்ட குழாய் பல மீட்டர் நீளத்துக்கு இருந்தால், வெவ்வேறு ஆழங்களிலிருந்து வரும் நீர் உள்ளே கலந்துவிடுகிறது. அதைவிட மோசமானது, குழாயே ஒரு குறுக்குவழி ஆகிவிடுவது. மேலுள்ள அழுத்தமும் கீழுள்ள அழுத்தமும் வேறுபடும்போது நீர் குழாய்க்குள்ளேயே ஏறி இறங்கும். மானி காட்டுவது அந்த ஓட்டத்தைத்தான். புயலில் குழாயின் வாய் மூழ்கி, கடல்நீர் நேராக உள்ளே விழுந்துவிட்டாலோ, பிறகு வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. குறுகிய துளைப்பகுதி கொண்ட குழாய்களைப் பல ஆழங்களில் தனித்தனியே இறக்கினால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். ஆனால் கால் மீட்டருக்கு ஒன்று என்று யாரும் குழாய் இறக்க மாட்டார்கள்.

மின் அளவீட்டின் அடிப்படை எளிது. நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்க்க வருபவர்கள் நான்கு கம்பிகளை அடித்து மீட்டர் வைத்துப் பார்க்கிறார்களே, அதே அடிப்படைதான். இரண்டு முனைகள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டு முனைகளுக்கு இடையே எழும் மின்னழுத்த வேறுபாட்டை அளந்தால், இடையிலுள்ள மண்ணின் மின்தடைமை கிடைக்கிறது. மணல் துகள்கள் ஏறத்தாழ மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை; கடத்துவது துளைகளில் இருக்கும் நீர். ஆகவே நீரின் மின்தடைமையை, அந்த மணலுக்கே உரிய ஓர் எண்ணால் பெருக்கினால் நீர் நிறைந்த மணலின் மின்தடைமை வரும் என்று 1942இல் அமெரிக்கப் பொறியாளர் ஆர்ச்சி வகுத்துக் கொடுத்தார். தூய கடற்கரை மணலுக்கு அந்த எண் 4 என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரின் கடத்துதிறன் 25 டிகிரி செல்சியசில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமன்ஸ்; கடத்துதிறனின் தலைகீழே மின்தடைமை என்பதால், அதன் மின்தடைமை 0.2 ஓம்-மீட்டர். நல்ல கிணற்று நீர் 500 மைக்ரோசீமன்ஸ் என்றால் 20 ஓம்-மீட்டர். மணலோடு சேர்த்துப் பார்த்தால், உவர்நீர் நிறைந்த மணல் 0.8, நன்னீர் நிறைந்த மணல் 80. நூறு மடங்கு வேறுபாடு! நிலத்தடியில் வேறெந்த இயற்பியல் பண்பும் உப்புக்கு இவ்வளவு பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை.

நுட்பம் எவ்வளவு என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். அந்த நன்னீரில் நூற்றுக்கு ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் கடத்துதிறன் 500இலிருந்து சுமார் 1,000 ஆகிறது. மணலின் மின்தடைமை 80இலிருந்து 40 ஆகப் பாதியாகிறது. அந்த ஒரு பங்கு கலப்பிலேயே லிட்டருக்கு 190 மில்லிகிராம் அளவுக்குக் குளோரைடு சேர்ந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 250 மில்லிகிராம். ஆக, நீர் குடிக்கத் தகாததாக மாறும் கட்டத்துக்கு முன்பே மின்முனைகள் தெளிவாகக் குரல் கொடுத்துவிடுகின்றன.

அப்படியானால் தரைமேல் கம்பிகளை வரிசையாக அடித்து அளந்தாலே போதுமே என்று தோன்றும். புயலுக்குப் பிந்தைய கடற்கரைக்கு அது கைகொடுக்காது. மேலே உவர்நீர் ஊறிய ஓர் அடுக்கு இருக்கும்போது மின்னோட்டம் எளிய வழியான அந்த அடுக்குக்குள்ளேயே ஓடிவிடுகிறது. அதற்குக் கீழே போவது சொற்பம். எதை அளக்க வந்தோமோ அதுவே கீழுள்ளதை மறைக்கும் திரையாகிவிடுகிறது. ஆழம் கூடக் கூடத் தெளிவு குறைவது தரைமேல் அளவீட்டின் பிறவிக் குறை. இது அதற்கு மேலான குறை. இன்னொன்று, திறந்த கடற்கரையில் புயல் ஒரே இரவில் மணலை ஒரு மீட்டர் அளவுக்குக்கூட அரித்துக்கொண்டு போகும், அல்லது கொண்டுவந்து குவிக்கும். அங்கே தரையில் பதித்த முனைகள் காலையில் இருக்கும் இடத்தில் இருக்குமா என்பதே சந்தேகம்.

இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து, முனைகளைச் செங்குத்தாக உள்ளே இறக்கிவிடுவதுதான். ஒரு துளை இட்டு, மின்முனைகளாகும் எஃகு வளையங்களைச் சீரான இடைவெளியில் கோத்த கம்பியை (இதை முனைக்கோவை என்போம்) அதில் இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, நிரந்தரமாக அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஜெர்மனியின் லைப்னிட்ஸ் பயன்பாட்டுப் புவியியற்பியல் நிறுவனம் இத்தகைய அமைப்பை உருவாக்கி, சாமோஸ் என்று பெயரிட்டு, 2009இல் போர்க்கும் தீவின் குடிநீர்க் கிணற்றுப் பகுதிகளில் இரண்டு இடங்களில் இறக்கியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் நீளம். வளையங்களுக்கு இடையே 25 சென்டிமீட்டர். நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலுள்ள எல்லை இருக்கும் ஆழத்திலேயே முனைகள் இருப்பதால், மேலேயிருந்து எட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அளவீடு தானாகவே நடந்து, தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. புயல் அடிக்கும் இரவில் கடற்கரையில் மனிதர் யாரும் நிற்க முடியாது; நமக்கு மிகவும் தேவைப்படும் அளவோ அந்த இரவின் அளவுதான்.

போர்க்குமில் நோக்கம் குடிநீருக்காக நீர் இறைப்பதன் விளைவைக் கவனிப்பது. புயலின் விளைவை நேரடியாகப் பின்தொடரும் வேலை, அதே தீவுக் கூட்டத்திலுள்ள ஸ்பீக்கெரூக் தீவின் வட கடற்கரையில் நடக்கிறது. ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் தலைமை ஏற்கும் டைனாடீப் ஆய்வுக் குழுவின் களம் அது. ஓத ஏற்றவற்றம், அதாவது கடல் ஏறி வற்றும் உயர வேறுபாடு, 2.7 மீட்டர் அளவுக்கு இருக்கும், குளிர்காலம் முழுதும் அலை மோதும் கரை. தீவின் மேற்குப் பகுதி மணல்மேடுகளுக்கு அடியில் 40 மீட்டருக்கும் மேல் தடித்த நன்னீர் வில்லை உள்ளது. ஊரின் குடிநீர் அதிலிருந்துதான் வருகிறது. போகிற போக்கில் ஒன்று: நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால் அடியில் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்ற கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதியை உலகெங்கும் பாடத்தில் படிக்கிறார்களே, அந்த ஹெர்ஸ்பெர்க் 1901இல் எழுதியதும் இதே தீவுக் கூட்டத்தின் குடிநீர் பற்றித்தான்.

அத்தகைய கரையின் அடிப்பகுதி, புயல் இல்லாத நாட்களிலும் அமைதியாக இருப்பதில்லை. ஒவ்வோர் ஏற்றத்திலும் கரையின் மேற்பகுதியில் கடல்நீர் ஊறி இறங்கி, வற்றக்கோட்டுக்கு அருகில் வெளியேறுகிறது. அதன் அடியே தீவின் நன்னீர் கடலை நோக்கி ஒழுகுகிறது. அதற்கும் அடியில் நிலையான உவர்நீர். செங்குத்து முனைக்கோவை இந்த அடுக்கைக் குறைந்த, உயர்ந்த, மறுபடி குறைந்த மின்தடைமையாகக் காட்டும். சாதாரண ஓதத்தில் நனையாத மணல்மேட்டின் அடிவாரம் வரை புயல் வெள்ளம் வந்து போனால், அடுத்தடுத்த நாட்களின் வரைபடத்தில் மேல் மீட்டர்களில் மின்தடைமை திடீரென்று சரிந்து, அந்தச் சரிவு வாரக்கணக்கில் மெல்லக் கீழே நகர்வதைக் காணலாம். பிறகு மழைநீர் மேலிருந்து கழுவத் தொடங்கும்போது மேற்பகுதி தேறும். நடுவில் மட்டும் உவர்நீர்த் திரள் ஒன்று தங்கி இறங்கிக்கொண்டிருக்கும். அது கரைந்து மறைவதற்குள் அடுத்த புயல் வந்துவிட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு ஏறும். எனவே அத்தகைய கரையில் நாம் காண்பது புயல்களின் வரிசை முழுவதன் கூட்டு விளைவு. தனி ஒரு புயலின் கணக்கைப் பிரிக்க வேண்டுமானால் இடைவிடாத அளவீடு இருந்தாக வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை போய் அளந்துவிட்டு வருவது இதற்குப் போதாது.

இனி, கவனம் வேண்டிய இடங்கள். முதலாவது வெப்பநிலை. நீரின் கடத்துதிறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 விழுக்காடு கூடும். கரையின் மேல் மீட்டர்களில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் 12 டிகிரி வேறுபாடு இருந்தால், உப்பு அணுவளவும் மாறாமலே மின்தடைமை கால் பங்கு மாறிவிடும். குளிர்காலப் புயல் நீர் குளிர்ந்தே உள்ளே இறங்குவதால், அது கொண்டுவரும் உப்பின் ஒரு பகுதியைத் தன் குளிர்ச்சியாலேயே மறைத்தும் விடுகிறது. ஆகவே முனைக்கோவையோடு வெப்பமானிகளையும் இறக்கி, எல்லா அளவுகளையும் ஒரே வெப்பநிலைக்குத் திருத்திய பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரமணல். இதை நான் வெப்பநிலையைவிடப் பெரிய கண்ணியாகக் கருதுகிறேன். துளைகளில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் நீர் இருந்தால், மின்தடைமை முழு ஈரத்தின்போது இருப்பதைப் போல ஏறத்தாழ 25 மடங்கு ஆகிறது. உலர்ந்த மணல்மேட்டில் தூய மழை பெய்தாலும் மின்தடைமை சரியும். கடல்நீர் ஏறினாலும் சரியும். வரைபடத்தை மட்டும் பார்த்தால் முன்னதை உப்பு என்று எழுதிவிடுவோம். உண்மையில் அது நன்னீர் ஊட்டம்! நீர்மட்டத்தையும் மழையளவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்த மேற்பகுதியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது. களிமண் அடுக்கும் இப்படித்தான்: நன்னீரோடு இருக்கும்போதே களிமண் நன்றாகக் கடத்தும் என்பதால், ஒரே ஒரு நாளின் அளவீட்டில் அது உவர்நீர் போல் வேடமிடும். ஆனால் களிமண் இடம் மாறாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அளந்து மாற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேடம் கலைந்துவிடுகிறது என்பது இம்முறையின் பெரிய வசதி.

மூன்றாவது கணிப்பொறியில் நடக்கிறது. அளந்த மின்னழுத்தங்களிலிருந்து மண்ணின் மின்தடைமையைப் பின்னோக்கிக் கணக்கிடும்போது, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தும். அவற்றுள் மிக வழுவழுப்பான, அதாவது திடீர் மாற்றமின்றி மெல்ல மாறும் விடையை மென்பொருள் தேர்ந்தெடுக்கும்படி அமைப்பது வழக்கம். அதனால் கூர்மையான எல்லை மங்கித் தெரியும்; உவர்நீர் அடுக்கின் மேலும் கீழும் இல்லாத நன்னீர் இருப்பதுபோல் ஒரு பொய்த் தோற்றமும் வரலாம். புயலுக்குப் பின் அடியில் நீர் முன்பைவிட நன்றாகிவிட்டது என்று படம் சொன்னால், அதை நம்பும் முன் கணக்கைச் சோதிக்க வேண்டும். மின்னோட்ட முனைகளையும் அழுத்த முனைகளையும் இடம் மாற்றி மறுபடி அளந்தால் இரண்டு விடையும் ஒத்துவர வேண்டும்; ஒத்துவராத அளவுகளை முதலிலேயே தள்ளிவிடலாம். பைகிம்லி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இந்த வேலைகளுக்கு நன்றாகவே உதவுகின்றன. எந்த மென்பொருளானாலும், இறுதியில் ஓரிரு ஆழங்களிலாவது நீர் எடுத்துச் சோதித்து ஒப்பிட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்டவரின் இ.சி. மானிக்கு உரிய இடம் அதுதான். குறுகிய துளைப்பகுதி கொண்ட ஒரு குழாயில், சாட்சியாக.

மற்ற நாடுகளின் அனுபவமும் இதற்கு இசைவானதே. பார்சிலோனாவுக்கு வடக்கே அர்ஜென்டோனா ஓடையின் முகத்துவாரத்தில், நோக்குக் கிணறுகளின் பிளாஸ்டிக் குழாய்களின் வெளிப்புறத்தில் முனைகளைப் பொருத்தி, ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் குறுக்கே மின்னோட்டம் செலுத்தி 2015 முதல் 2017 வரை அளந்தார்கள். வறட்சியால் மெல்ல ஏறும் உப்பையும், கனமழையால் வந்துபோகும் குறுகிய கால மாற்றத்தையும் அது பிரித்துக் காட்டியது. நெதர்லாந்தில் 2011இல் இரண்டு கோடி கன மீட்டருக்கு மேல் மணலைக் கொட்டி உருவாக்கிய சாண்ட்மோட்டார் கரையில், புதிய மணலுக்குள் நன்னீர் சேர்வதையும், புயல் அலை ஏறும்போது அது உப்பாவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம் கரைகளுக்கு இது பொருந்துமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மழை முறையும் ஓத அளவும் வேறு. வங்கக் கடலின் இக்கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆயினும் கடல்நீர் மேலிருந்து மணலில் இறங்கிய பின் நடப்பவை ஒன்றே. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் மூழ்கிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தப்படுத்த முயன்றார்கள். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தினர் அக்கிணறுகளைத் தொடர்ந்து அளந்தபோது, இறைப்பதால் பெரிய பயன் இல்லை, உப்பைக் கழுவியது பருவமழையே என்று தெரிந்தது. மெல்லிய நன்னீர் வில்லையில் மிகுதியாக இறைப்பது அடியிலுள்ள உவர்நீரையும் மேலே இழுத்துவிடும். அந்த நேரத்தில் ஒரே ஒரு முனைக்கோவை அங்கே இருந்திருந்தால், உவர்நீர்த் திரள் கிணற்றின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கிறதா, கீழே போய்விட்டதா என்பதைப் பார்த்து, இறைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்திருக்க முடியும்.

ஒரு முனைக்கோவை ஓர் இடத்தை மட்டுமே காட்டும் என்பது இம்முறையின் எல்லை. விரல் விரலாக இறங்கும் உவர்நீர் அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்தில் இறங்கினால் நமக்குத் தெரியாது. அதனால் பரப்பை மூடும் அளவீடு ஒன்றும் அடிப்படையாக வேண்டும். போர்க்குமில் ஹெலிகாப்டரில் தொங்கவிட்ட மின்காந்தக் கருவியால் தீவு முழுவதையும் முன்பே வரைந்திருந்தார்கள். இங்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் முன்னோடித் திட்டத்தில், ஐதராபாதின் தேசியப் புவியியற்பியல் ஆய்வு நிறுவனம் கடலூர் மாவட்டத்தின் கீழ் வெள்ளாற்று வடிநிலத்தில் வான்வழி மின்காந்த அளவீடு செய்திருக்கிறது. அத்தகைய வரைபடத்தை வைத்து, கடல்நீர் தேங்கக்கூடிய பள்ளத்தில் ஒன்றும் ஊர்க் கிணறுகளின் கடல் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு முனைக்கோவைகளை, வடகிழக்குப் பருவமழை தொடங்க ஓராண்டாவது இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். புயல் இல்லாத ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கம் கையில் இல்லாவிட்டால், புயலுக்குப் பின் வரும் எண்ணில் எது புயலின் பங்கு என்று பிரிக்க வழியே இராது.